தறி நிற்கும் வேளை

ஆலைத் தொழிலாளிக்குச் சங்கு உண்டு. அது ஊதினால் உள்ளே செல்வார். மறுபடி ஊதினால் வீடு திரும்புவார். வீட்டிற்குள்ளேயே தறி வைத்திருப்பவருக்கு எந்தச் சங்கு ஊதும்? சேலத்து அம்மாபேட்டை, குகை தொடங்கி, இளம்பிள்ளை, தாரமங்கலம், குமாரபாளையம், பள்ளிபாளையம் வரை, வீடு எங்கே முடிகிறது, பட்டறை எங்கே தொடங்குகிறது என்று கூற இயலாத குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. அவர்களுடைய உழைப்பையும் ஓய்வையும் பற்றிச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

முதலில் கைத்தறி. குழித்தறியில் அமர்ந்து மிதிப்பவர் பெரும்பாலும் தந்தை. தார் சுற்றிக் கொடுப்பவர் தாய். அறுந்த இழையைப் பிணைப்பதும், பாவு நீட்டும்போது உடன் நிற்பதும் அவர்தாம். பல வீடுகளில் அவரே தறியிலும் அமர்கிறார். கூலியோ சேலைக்கு இவ்வளவு என்று வருகிறது. கணக்கு நோட்டில் ஒரு பெயர்தான் இருக்கும். அந்த ஒரு சேலைக்குள் எத்தனை பேருடைய நேரம் மடிந்து கிடக்கிறது என்பதை நோட்டு சொல்லாது.

ஆயினும் பழைய நெசவில் இயற்கையே விதித்த ஓய்வு ஒன்று இருந்தது. மழை பெய்தால் பாவடியில் பாவு நீட்ட முடியாது. பொழுது சாய்ந்தால் இழை கண்ணுக்குத் தெரியாது. குடும்பச் செபமாலை சொல்லும் வழக்கமுள்ள வீடுகளில் அந்த அந்தி வேளையே அனைவரும் ஒன்றாக அமரும் நேரமாயிற்று. விசைத்தறியோ இரவென்றும் பகலென்றும் பாராது. 12 மணி நேர ஷிப்டு அங்கே சர்வ சாதாரணம். அதனை நிறுத்துவது மின்வெட்டு ஒன்றே. 2012-ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் கடும் மின்வெட்டு நிலவியபோது தறிகள் மணிக்கணக்கில் நின்றன. ஆயின் மீட்டர் கணக்கில் கூலி பெறுவோருக்கு அதனை ஓய்வு என்று யார் சொல்லுவார்? முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர் நிலை இன்னும் கடினம். உடல் நோகிறது என்று கூறி ஒரு நாள் தங்கிவிட அவரால் எளிதில் இயலாது. ‘பிள்ளைகளோடு நேரம் செலவிடுங்கள்’ என்று அவருக்கு அறிவுரை கூறுமுன் நாம் இதனை மறத்தலாகாது.

இனி, வீட்டு வேலைக்கு வருவோம். 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கத் தொடங்கியது. ஆட்டுக்கல்லில் கழிந்த நேரம் மிச்சமாயிற்று. நல்லதே. ஆனால் அந்த நேரம் தாய்க்கு ஓய்வாகக் கிட்டிற்றா? தறி ஓடும் வீட்டில் மிச்சமாகும் நேரத்தைத் தறியே கேட்கும்.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்குச் சான்று பகர்கிறது. 1998-99-இல் முன்னோட்டமாக அது நடைபெற்ற 6 மாநிலங்களுள் தமிழகமும் ஒன்று. பின்னர் 2019-இலும் 2024-இலும் நாடு முழுவதும் நடைபெற்றது. 2019-இல், சமையல் முதலிய ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிட்டார். அவ்வேலையில் ஈடுபடும் ஆண் 97 நிமிடங்கள். 2024-இல் அது முறையே 289, 88 என்றாயிற்று. பெண்ணின் சுமை 10 நிமிடம் குறைந்தது கண்டு மகிழலாம் என்றால், ஆணின் பங்கும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது! மேலும், வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களே சிலர்தாம். 2019-இல் 100-க்கு 26 பேர்.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி விடுத்த சுற்றுமடலில், ஞாயிற்றுக்கிழமையேனும் வாரந்தோறும் ஓய்வு பெறுவது தொழிலாளியின் உரிமை என்று குறிப்பிட்டார். நம் வீடுகளில் ஞாயிறு யாருக்கு ஓய்வு? திருப்பலி முடிந்து திரும்பியதும் தந்தை நாளிதழை விரிக்கிறார், பிள்ளைகள் கைப்பேசியை எடுக்கிறார்கள். தாய்க்கோ கறிக்குழம்பு, வாரத் துணி, வந்த விருந்தினர் என்று மற்ற நாளினும் அன்றே வேலை மிகுதி. தறியைத் துடைத்து எண்ணெய் இடத் தெரிந்த கைகளுக்குப் பாத்திரம் துலக்கத் தெரியாதா என்ன?

2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மகளிர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, அதற்கு ‘உதவித் தொகை’ என்று பெயரிடவில்லை. ‘உரிமைத் தொகை’ என்றே பெயரிட்டது. இல்லத்தரசியின் உழைப்புக்கு அளித்த மதிப்பு அது. நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் என்று கொண்டால் மாதத்திற்கு 144 மணி நேரத்திற்கு மேலாகிறது. அப்படி வகுத்துப் பார்த்தால் அந்தத் தொகை மணிக்கு 7 ரூபாய்கூடத் தேறவில்லை.