கிறிஸ்துமஸ் நாளில் அடுக்களைக்கும் ஓய்வு

திருநாள் என்றதும் சிறுவர்க்குப் புத்தாடை நினைவுக்கு வரும். இல்லத்தரசிக்கோ அடுப்பு நினைவுக்கு வரும். நள்ளிரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பியவள் கண்ணயரும் முன்பே விருந்துச் சமையலைத் தொடங்குகிறாள். விருந்தினர் கூடத்தில் அளவளாவ, அவள் மட்டும் அடுப்பனலில் நின்று, அனைவரும் உண்டபின் ஆறிய சோற்றை உண்பது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் மாற வேண்டுமாயின், உணவுப் பட்டியலை நம் ஊர்த் தட்பவெப்பத்திற்கு ஏற்ப வகுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

கொதிக்கக் கொதிக்கப் பரிமாறும் இறைச்சியும் கனத்த புட்டிங்கும் பனி பெய்யும் இங்கிலாந்தின் தேவைக்கு எழுந்தவை. டிசம்பரில் கோடை நிலவும் ஆஸ்திரேலியாவிலோ, குளிரவைத்த இறாலும் பழமும் கொண்டு வெளியிடத்தில் விருந்துண்போர் பலர். டெலானிபூரிலும் டிசம்பர் இறுதியில் பகல் வெப்பம் 30 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. கடற்காற்றின் ஈரமும் உடன் சேர்கிறது. ஆதலின் இடத்திற்கேற்ற விருந்தை நாமே அமைத்துக்கொள்வதில் குறையொன்றுமில்லை.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. 1883ஆம் ஆண்டில் தலைச்சேரியில் மம்பள்ளி பாபு என்பவர், இங்கிலாந்திலிருந்து வந்த கேக் ஒன்றைச் சுவைத்துப் பார்த்து, மலையாளக் கரையின் வாசனைப் பொருள்களையும் உள்ளூர் மதுவையும் சேர்த்துத் தாமே கிறிஸ்துமஸ் கேக் செய்தார் எனக் கூறுவர். உலர்பழமும் சர்க்கரையும் மிகுந்த அத்தகைய கேக் வெப்பத்திலும் பல நாள் கெடுவதில்லை. வெண்ணெய்ப் பூச்சிட்ட கேக்கோ நம் வெயிலில் உருகி வழியும். அதனை விலக்குதலே நலம்.

வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்க. முதலாவது, ஒரு வாரம் முன்பே செய்யத் தக்கவை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பழக்கமான அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் இவ்வகையின. நன்கு ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தல் வேண்டும். சூட்டோடு மூடினால் நமுத்துப்போகும்.

இரண்டாவது, முதல்நாள் மாலையில் செய்பவை. புளிக்காய்ச்சலைக் காய்ச்சி வைக்கலாம். இஞ்சி, பூண்டு, மசாலை முதலியவற்றை அரைத்து வைக்கலாம். எலுமிச்சம்பழம் பிழிந்து சர்க்கரைப் பாகில் சேர்த்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம். சோற்றை மட்டும் முதல்நாள் வடித்தல் ஆகாது. அரிசியில் உள்ள சில நுண்ணுயிர்களின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினும் அந்நஞ்சு நீங்காது. காலையில் ஆக்கிய பிரியாணியை மாலைவரை அண்டாவிலேயே வைத்திருப்பதன் ஆபத்து இதுவே. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைத்தல் தகாது. தேங்காய் அரைத்த துவையலும் தேங்காய்ப்பால் குழம்பும் விரைவில் கெடுவன. அவற்றை அன்றன்றே செய்து அன்றன்றே தீர்த்தல் வேண்டும்.

மூன்றாவது, திருநாளன்று செய்பவை. இவை மூன்று நான்குக்கு மேற்படாதிருக்கட்டும். சோறு வடித்துப் பாதியைப் புளிக்காய்ச்சலில் கலந்துவிட்டால், புலால் உண்ணாத அண்டை வீட்டாருக்கும் விருந்து ஆயிற்று. மீதிச் சோற்றுக்குக் கோழிக்குழம்பு ஒன்று போதும். சுர்மை என இங்கு வழங்கும் வஞ்சிரத் துண்டுகளை மசாலை தடவிக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, இலை போட்டபின் வறுத்தால் சுவையும் கூடும், கேடும் வாராது. வெள்ளரி, வெங்காயம் சேர்த்த தயிர்ப்பச்சடியும், அன்னாசி, பப்பாளி, வாழைப்பழத் துண்டுகளும் அடுப்பை நாடாதவை. குடிப்பதற்கு இளநீரும் நீர்மோரும் எலுமிச்சைப் பானகமும் இருக்க, புட்டியில் அடைத்த பானங்களுக்குப் பொருள் செலவிடுவானேன்?

மற்றொன்றும் கருதத்தக்கது. வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியன பெரும்பாலும் கப்பலேறி வருபவை. கப்பல் தாமதித்தால் விலை ஏறும். தேங்காய், வாழை, பப்பாளி, மீன் ஆகியன தீவிலேயே கிடைப்பவை. இவற்றை முதன்மையாகக் கொண்டு திட்டமிடுவோர்க்குக் கடைசி நேரத்தில் கடைத்தெருவில் அலையும் தொல்லை இல்லை.

உண்ணும் நேரத்தையும் இடத்தையும் சற்று மாற்றிப் பார்க்கலாம். நம் தீவுகளில் டிசம்பரில் கதிரவன் மாலை ஐந்து மணியளவிலேயே மறைந்துவிடுகிறான். நண்பகலில் எளிய உணவு கொண்டு, விருந்தை அந்தி வேளைக்கு ஒதுக்கினால், முற்றத்திலோ மொட்டைமாடியிலோ காற்றோட்டமாக அமரலாம். அவ்வாறு செய்வோர் சோறும் குழம்பும் ஆக்குவதையும் பிற்பகலுக்குத் தள்ளிவைத்தல் வேண்டும். பரிமாறுவதும் பாத்திரம் துலக்குவதும் ஆடவரும் சிறுவரும் ஏற்கத்தக்க பணிகளே.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் மக்களுள் நூற்றுக்கு 21 பேர் கிறிஸ்தவர்; எனவே நம் சங்கத்துக் குடும்பங்களுள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோரும், அவர்கள் வீட்டுக்கு விருந்தினராகச் செல்வோரும் பலர். செல்வோர் வெறுங்கையோடு செல்லாது, ஒரு பச்சடியோ ஒரு சீப்பு வாழைப்பழமோ எடுத்துச் செல்லலாம். உறவினரை மறுகரையில் விட்டு வந்த நமக்கு அண்டை வீட்டாரே உற்றார். அவர்கள் வந்து அமரும்போது அம்வீட்டுத் தாயும் உடன் அமர்ந்து உண்ணும்படி பட்டியலைச் சுருக்குவோமாக.