மறைமலைநகரில் தயாரான ஈகோஸ்போர்ட் கார்: 3-ம் தலைமுறை வராமல் போனது ஏன்?

மறைமலைநகர்:-

பார்க்க ஜீப் மாதிரி உயரம், நீளமோ சின்ன கார் அளவு. இதுதான் போர்டு ஈகோஸ்போர்ட். முதல் தலைமுறை கார் 2003-ல் பிரேசில் நாட்டில் வந்தது. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னிதான் அடையாளம்.

2-ம் தலைமுறை கார் 2013 ஜூனில் நம்மூரில் விற்பனைக்கு வந்தது. தயாரானது மறைமலைநகர் ஆலையில். 4 மீட்டருக்குள் நீளமும் சின்ன என்ஜினும் இருந்தால் வரி குறைவு. அதனால நீளத்தை 4 மீட்டருக்குள் அடக்கிட்டாங்க. ஆரம்ப விலை ரூ.5.59 லட்சம். 2017 நவம்பரில் முகப்பு மாறியது, புது பெட்ரோல் என்ஜினும் வந்தது. அமெரிக்காவுக்கும் இங்கிருந்தே கப்பல் ஏறியது.

ஆனா போட்டி கார்கள் பெருகின. நஷ்டம் என்று கூறி 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக போர்டு அறிவித்தது. கூடுதல் இழப்பீடு கேட்டு தொழிலாளர்கள் போராடினர். 2022 ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது. 3-ம் தலைமுறை வரவே இல்லை. அதோடு தொழிலாளர்களின் வேலையும் போச்சு.