குச்சியில்தான் இருக்கு சூட்சுமம்: நடவுக்குத் தயாராகும் சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகள்

பாயசத்தில் முத்து முத்தாக மிதக்கும் ஜவ்வரிசிக்கும் அரிசிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது மரவள்ளிக்கிழங்கு மாவு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசிக்கான வேலை, தை, மாசியில் ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, ஆத்தூர் பக்கத்துக் காடுகளில் தொடங்கிவிடுகிறது.

பாசன வசதி உள்ளவர்கள் நடவுக்கு நிலத்தைத் தயார் செய்வது இப்போதுதான். கிழங்கு தரைக்குள் பருக்க வேண்டுமே! ஓர் அடி ஆழத்துக்காவது மண் பொலபொலவென இருக்க வேண்டும். நாலைந்து உழவு ஓட்டி, கடைசி உழவில் ஏக்கருக்கு 10 டன் தொழு உரம் போடுகிறார்கள். நாமக்கல்லில் கோழி எருவுக்குப் பஞ்சமில்லை. ஆனால், பச்சையாகக் கொட்டினால் பயிர் சூடு தாங்காது. மக்கியதைத்தான் போட வேண்டும். பார் பிடித்து, 3 அடிக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 5,000 குச்சிகள் பிடிக்கும்.

இலை இருக்கும்போதே பாருங்க!

மரவள்ளிக்குக் குச்சிதான் விதை. இந்தப் பக்கம் 'குச்சிக்கிழங்கு' என்று பேர் வந்ததும் அதனால்தான். நுனியையும் அடியையும் தள்ளிவிட்டு, நடுத்தண்டில் 8 முதல் 10 கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்குகிறார்கள். கணுவின் மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி நட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், தேமல் நோயும் மாவுப்பூச்சியும் இந்தக் குச்சி வழியாகவே அடுத்த வருடப் பயிருக்கு வந்துவிடும். இலை உதிர்ந்த வெறும் குச்சியைப் பார்த்துத் தேமல் இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. பயிர் காட்டில் நிற்கும்போதே நல்ல செடிகளுக்கு அடையாளம் வைத்துவிடுவதுதான் ஒரே வழி. பக்கத்துக் காட்டில் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளி வருவது பெரிய ஆபத்து.

கண்ணுக்குத் தெரியாத காவலாளி

தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ல் கேரளாவில் கண்டறியப்பட்டு, தமிழகத்துக்கும் பரவியது. நுனி இலைகள் சுருண்டு கொத்தாகிவிடும், செடி வளராது. 1970-களில் ஆப்பிரிக்காவையே பசியில் தள்ளப் பார்த்த பூச்சி இது. அங்கே அதை அடக்கியது மருந்தல்ல, பராகுவேயில் கண்டெடுத்த ஒரு துளியூண்டு குளவி. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், பொரிந்து வரும் புழு அதை உள்ளிருந்தே தின்றுவிடும். இந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரன் 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

அதே குளவி பெனின் நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். குச்சியை நனைத்து நடும் மருந்தையும் அளவையும் கடைக்காரரிடம் கேட்காமல், வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்பது நல்லது.

நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். முளைக்காத இடத்தில் 20 நாளுக்குள் வேறு குச்சி ஊன்றிவிட வேண்டும். இடைவெளியில் சின்ன வெங்காயம் போட்டால், கிழங்குக்குக் காத்திருக்கும் பத்து மாதத்தில் கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு வரும்.