ஜான் கேண்டி

ஜான் கேண்டி (அக்டோபர் 31, 1950 – மார்ச் 4, 1994) கனடாவைச் சேர்ந்த நகைச்சுவை நடிகரும் எழுத்தாளரும் ஆவார். எழுதிவைத்த உரையாடல் இன்றி மேடையிலேயே காட்சியை உருவாக்கும் முன்தயாரிப்பற்ற நடிப்பில் பயின்று, பின்னர் தொலைக்காட்சியிலும் ஹாலிவுட் திரைப்படங்களிலும் புகழ்பெற்றார்.

இளமை

கேண்டி ஒண்டாரியோ மாகாணத்தில் பிறந்தார். இவர் சிறுவனாக இருந்தபோதே இவரது தந்தை 35ஆம் வயதில் இதய நோயால் இறந்தார்.

செகண்ட் சிட்டி

1959இல் சிகாகோ நகரில் தொடங்கப்பட்ட செகண்ட் சிட்டி நாடகக் குழு, 1973இல் டொராண்டோவில் ஒரு கிளையை அமைத்தது. 1970களில் கேண்டி இக்குழுவில் நடித்தார். கேத்தரின் ஓ'ஹாரா, யூஜின் லெவி ஆகியோரும் இங்கு நடித்தவர்களே.

இவ்வகை நடிப்பில் பார்வையாளர் ஓர் இடத்தையோ சொல்லையோ கூறுவர். நடிகர்கள் அதைக் கொண்டு உடனே காட்சியை அமைப்பர். உடன் நடிப்பவர் சொல்வதை மறுக்காமல் ஏற்று, அதன்மேல் ஒன்றைச் சேர்ப்பது இதன் அடிப்படை விதி. எனவே பேச்சுத்திறனைவிடச் செவிமடுக்கும் திறனே இதில் முதன்மையானது.

எஸ்சிடிவி

இக்குழுவினர் 1976இல் எஸ்சிடிவி என்ற தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கினர். கற்பனையான ஒரு சிறு தொலைக்காட்சி நிலையத்தைப் பற்றிய இத்தொடரை நடிகர்களே எழுதினர். இதன் எழுத்துக்காக 1982, 1983 ஆகிய ஆண்டுகளில் எம்மி விருது வழங்கப்பட்டது. விருது பெற்ற எழுத்தாளர்களுள் கேண்டியும் ஒருவர். லெவியுடன் இணைந்து இவர் நடித்த போல்கா இசைச் சகோதரர்கள் பாத்திரம் பெரும் வரவேற்பைப் பெற்றது.

திரைப்படங்கள்

ஸ்பிளாஷ் (1984) இவரைப் பரவலாக அறியச் செய்தது. பிளேன்ஸ், டிரெய்ன்ஸ் அண்ட் ஆட்டோமொபைல்ஸ் (1987) படத்தில், குளியலறைத் திரைச்சீலை வளையங்களை விற்கும் ஓயாது பேசும் விற்பனையாளராக நடித்தார். உடன் பயணிப்பவர் கடுஞ்சொற்களால் தாக்கும்போது இவர் எதிர்த்துச் சண்டையிடுவதில்லை. அவற்றைக் கேட்டு முகம் வாடுகிறார். சிரிப்புக்குரிய பாத்திரம் அங்கே இரக்கத்துக்குரியதாகிறது.

மேடைப் பயிற்சியின் பயனை ஹோம் அலோன் (1990) படத்தில் தெளிவாகக் காணலாம். மகனை வீட்டில் தனியே விட்டு வந்த தாயைத் தம் வேனில் ஏற்றிச் செல்லும் போல்கா இசைக்கலைஞராகச் சிறு வேடத்தில் இவர் தோன்றினார். தம் பிள்ளையை ஒருமுறை இறுதிச்சடங்கு இல்லத்தில் மறந்து விட்டுவந்ததாகக் கூறி அத்தாயைத் தேற்றும் பேச்சு, படப்பிடிப்பின்போது இவரே புனைந்ததாகும். தாயாக நடித்தவர், செகண்ட் சிட்டியில் உடன் நடித்த கேத்தரின் ஓ'ஹாரா என்பது குறிப்பிடத்தக்கது.

ஜேஎஃப்கே (1991) படத்தில் வழக்கறிஞராகவும், ஜமைக்காவின் பனிச்சறுக்கு வண்டி அணியைப் பற்றிய கூல் ரன்னிங்ஸ் (1993) படத்தில் பயிற்சியாளராகவும் நடித்தார்.

மறைவு

மெக்சிகோவின் துராங்கோவில் வேகன்ஸ் ஈஸ்ட் படப்பிடிப்புக்காகத் தங்கியிருந்தபோது, 43ஆம் வயதில் மாரடைப்பால் உறக்கத்திலேயே இறந்தார். அப்படம் அதே ஆண்டு வெளியானது. முன்னரே படமாக்கப்பட்டிருந்த கனேடியன் பேக்கன் 1995இல் வெளியானது.