கிட்டாரின் தலையில் இருக்கும் பெயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கலா ஓயா களப்பில் சேரும் இடத்துக்கு அருகே, வில்பத்துக் காட்டின் ஓரத்தில் இருக்கும் எலுவன்குளத்திலிருந்து நல்லதொரு மின் கிட்டார் வாங்கப் புறப்படுகிறவருக்கு வழி இரண்டுதான். புத்தளத்தைத் தாண்டி நீர்கொழும்புக்கோ கொழும்புக்கோ பஸ் ஏறிப்போய்க் கடையில் எடுத்து வாசித்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் கைப்பேசியில் வரும் விளம்பரத்தையோ, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர் கொண்டுவருவதையோ நம்பலாம். இரண்டாவது சுலபம், ஏமாறும் வாய்ப்பும் அதில்தான் கூட. பைலாவும் 1970களின் ஈழத்துப் பொப் பாடல்களும் கேட்டு வளர்ந்த இந்தக் கரைக்குக் கிட்டார் புதிதல்ல. மலைக்க வைப்பது விலை. அமெரிக்காவில் செய்யப்படும் கிப்சன் லெஸ் போல் ஸ்டாண்டர்ட் அந்த நாட்டிலேயே 2,500 டொலரைத் தாண்டும். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தாலும் ஏழரை இலட்சம்; இறக்குமதி வரியும் கடைக்காரரின் இலாபமும் தனி. அதே வடிவில் கிப்சனின் மலிவுப் பெயரான எபிபோனும், ஃபெண்டர் வடிவங்களில் அதன் மலிவுப் பெயரான ஸ்குவையரும் 500 டொலரைச் சுற்றிக் கிடைக்கின்றன. இந்த இடைவெளிக்கு ஈடாக என்ன கிடைக்கிறது? ஒலி என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. கையால் சோதிக்கக்கூடிய வேலைப்பாட்டுக்கும், விற்பவர் எழுதித் தரக்கூடிய வாக்குக்கும் பணம் கொடுக்கலாம். பெயருக்காகக் கொடுப்பதைக் கண் திறந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

மின் கிட்டாரின் ஒலி மரப்பெட்டிக்குள் பிறப்பதில்லை. காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச்சுருளான பிக்கப்புக்கு மேலே எஃகுத் தந்தி அதிரும்போது சுருளில் மின்னோட்டம் எழுகிறது. அதை ஆம்ப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஆகவே பிக்கப் எந்த வகை, தந்தியிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, தந்தியின் நீளம் என்ன, ஆம்பும் ஸ்பீக்கரும் எவை என்பவைதான் காதில் விழும் வேறுபாட்டின் பெரும்பங்கைத் தீர்மானிக்கின்றன. நாஷ்வில் இசைக்கலைஞர் ஜிம் லில் இதைக் கண்முன்னே காட்டினார். இரண்டு மேசைகளுக்கு நடுவே தந்திகளை இழுத்துக் கட்டி, உடலே இல்லாத அந்தக் ‘கிட்டாரை’ விலையுயர்ந்த அண்டர்சன் கிட்டாரோடு ஒப்பிட்டார். வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. ஒரு தனிமனிதரின் வீடியோவை ஆதாரமாக எடுக்கலாமா என்று கேட்பது நியாயம். அப்படியானால் 2018இல் வெளியான லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வைப் பாருங்கள். முதுகு, பக்கப் பலகைகளின் மரம் மட்டும் வேறுபட்ட, மின்சாரமில்லாத 6 சாதாரண கிட்டார்களை 52 பேர் எதுவென்று பார்க்க முடியாத நிலையில் வாசித்தார்கள். விலையுயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் மலிவான மரங்களுக்கும் அவர்கள் தந்த மதிப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மரம் நேரடியாகக் காற்றை அதிரவைக்கும் வாத்தியத்திலேயே இந்த நிலை என்றால், மின் கிட்டாரில் மரத்துக்காக இலட்சக்கணக்கில் கொடுப்பதற்கு ஒலியைக் காரணம் காட்டுவது பலவீனமான வாதம். மரத்துக்குப் பங்கே இல்லை என்பதல்ல. கழுத்தின் விறைப்பைப் பொறுத்துச் சில இடங்களில் சுரம் சீக்கிரம் அடங்கிவிடும். அந்தக் குறை விலைபார்த்து வருவதில்லை.

கைக்கு இதமாக இருப்பது பற்றிய வாதம் வேறு. அதில் விலைக்குப் பொருள் உண்டு. விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, அவற்றின் முனைகள் கையைக் கீறுகின்றனவா, தந்தி எவ்வளவு தாழ்வாக ஓடியும் இரையாமல் இருக்கிறது, முறுக்காணி சுருதியைப் பிடித்து நிற்கிறதா என்பவற்றில் நல்ல தொழிலாளியின் நேரம் செலவாகியிருக்கும். அதற்குக் கூலி நியாயம். ஆனால் மட்டம் தப்பிய ஃப்ரெட்டும், தலையருகே தந்திகளைத் தாங்கும், சரியாக வெட்டப்படாத நட்டும் திருத்தக்கூடியவை. நடுத்தர விலைக் கிட்டாரை வாங்கித் தேர்ந்த கைவினைஞரிடம் கொடுத்துச் சீர்செய்தால் இடைவெளியின் பெரும்பகுதி அடைபட்டுவிடும். தந்தி நீளம் கிப்சனில் 24¾ அங்குலம், ஃபெண்டரில் 25½, பி.ஆர்.எஸ். கிட்டார்கள் பலவற்றில் 25. இந்தச் சிறு வேறுபாட்டை விரல் உடனே உணரும். எது நல்லதென்று எந்த விலைச்சீட்டும் சொல்லாது. களப்புக் கரையில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். உப்புக் காற்று தந்தியையும் பிரிட்ஜ் திருகுகளையும் சுவிட்சுகளின் உள்முனைகளையும் அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு ஃப்ரெட் போட்ட, கெட்டியான பொலியஸ்டர் பூச்சுள்ள நடுத்தரக் கிட்டார் இங்கே நீடிக்கும். ‘பழைய முறை’ என்று பெருமையாக விற்கப்படும் மெல்லிய நைட்ரோசெலுலோஸ் பூச்சு இந்த வெப்பத்திலும் வியர்வையிலும் பிசுபிசுத்து வெடிக்கக்கூடும்.

மறுவிற்பனையில் பெயர்தானே பேசும் என்பது வலுவான மறுப்பு. உண்மைதான், பெயர் உண்மையாக இருக்கும் வரை. இங்கே ஒத்த வடிவத்தையும் போலியையும் பிரித்தறிய வேண்டும். பி.ஆர்.எஸ். செய்த ஒற்றை வெட்டுக் கிட்டார் தன் லெஸ் போலை நகலெடுத்தது என்று கிப்சன் தொடுத்த வழக்கில், 2005இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் பி.ஆர்.எஸ். பக்கமே தீர்ப்பளித்தது, புகை மண்டிய மதுக்கூடத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் மயங்கிவிடுவார்கள் என்ற கிப்சனின் வாதம் எடுபடவில்லை. 2009இல் ஃபெண்டரின் ஸ்ட்ரட்டோகாஸ்டர் உடல்வடிவத்துக்கும் அங்கே வணிகக்குறிப் பதிவு மறுக்கப்பட்டது. வடிவம் ஒத்திருந்தும் தன் சொந்தப் பெயரோடு வரும் கிட்டாரை வாங்குவதில் வெட்கப்பட எதுவுமில்லை. தலையில் வேறொருவரின் பெயரை ஒட்டி விற்பதுதான் குற்றம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வணிகக்குறியைக் காக்கிறது. போலி கிப்சனைக் கண்டுபிடிக்க ஓர் எளிய இடம், கழுத்து வளைவைத் திருத்தும் ட்ரஸ் ரொட்டின் முனை. தலையிலுள்ள சிறு மூடியைக் கழற்றினால் உண்மையானதில் குழாய்ச்சாவியால் திருப்பும் பித்தளை நட்டு இருக்கும். போலிகளில் பெரும்பாலும் அறுகோணச் சாவி நுழையும் குழி. கழுத்திலிருந்து தலை சரியும் இடத்தில் குறுக்காக ஒட்டிய கோடு தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள். உண்மையான கிப்சனாகவே இருந்து, உடைந்த தலையை ஒட்டி மேலே பூச்சடித்ததாகவும் அது இருக்கலாம். லெஸ் போல் விழுந்தால் உடைவது அந்த இடத்தில்தான். மறைத்து விற்றால் வாங்கியவர் இழப்பது பெரிய தொகை. தொடர் இலக்கத்தை மட்டும் நம்பிப் பயனில்லை, அதையும் போலிக்காரர்கள் அச்சடிக்கிறார்கள்.

மாட்டிக்கொண்டபின் என்ன செய்வது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வணிகர் தவறான எண்ணம் உண்டாக்குவதையும், பொருளின் தரம், வகை, உத்தரவாதம் பற்றிப் பொய் சொல்வதையும் தடை செய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும். முறைப்பாடு எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் போக வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுத்தான் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். சபையின் தொலைபேசி இலக்கம் 1977. ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்ற பலகை, சொன்ன பொய்யைச் சட்டபூர்வமாக்கிவிடாது. வணிகரல்லாத ஒருவரிடம் பாவித்த கிட்டார் வாங்கினால் இந்தச் சட்டம் உதவாது. ஆனால் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விவரணம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரணத்துக்கு ஒத்திருக்க வேண்டும். தெரிந்தே ஏமாற்றியிருந்தால் பொலிஸில் முறையிடலாம். சிறு பணத் தகராறுகளை மத்தியஸ்த சபை வழக்குச் செலவில்லாமல் தீர்க்க முயலும். இதெல்லாம் கொழும்புக்காரருக்குத்தான், கிராமத்தவர் எங்கே அலைவது என்று சலிப்பவர்கள் உண்டு. அலைச்சலைக் குறைப்பது வாங்கும் நேரத்தில் எழுதும் இரண்டு வரிதான்: தயாரிப்புப் பெயர், மாதிரி, செய்த நாடு, தொடர் இலக்கம், கழுத்து உடைந்து ஒட்டியதா இல்லையா. விற்பவரின் குறுஞ்செய்தியில் இருந்தாலும் நல்லது, அழிக்காமல் வையுங்கள். வெளிநாட்டு இணையக் கடையிடம் நம் சபையின் கை எட்டாது. அங்கே பணம் கட்டிய வங்கி அட்டையின் தகராறு முறைதான் துணை.

மரம் வந்த வழியிலும் எச்சரிக்கை வேண்டும்; எலுவன்குளத்தவருக்கு அது தூரத்துச் செய்தியல்ல. விரற்பலகைக்கு உலகம் விரும்பும் கருங்காலி நம் உலர்வலயக் காடுகளின் மரம். தேசிய வனத்திலிருந்து அதை வெட்டுவது குற்றம், வெட்டியதை அறிந்தே வாங்குவதும் சிக்கலில் மாட்டும். மடகஸ்கார் கருங்காலியை இறக்குமதி செய்த விவகாரத்தில் கிப்சன் நிறுவனமே 2012இல் 3,00,000 டொலர் தண்டம் கட்ட ஒப்புக்கொண்டது. ‘உள்ளூர்க் கருங்காலி போட்டுத் தருகிறேன்’ என்பவரிடம் மரம் வந்த வழிக்கு ஆவணம் கேளுங்கள். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, ரோஸ்வுட்டால் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பர் முதல் விலக்குத் தந்திருக்கிறது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கில்லை.

பண இழப்பைவிடப் பெரிய அபாயம் மின்சாரம். கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் உடலோடு இணைந்திருக்கும். ஆம்பில் கசிவு இருந்து நிலத்தொடுப்பு இல்லாவிட்டால், வாசிப்பவரின் உதடு மைக்கில் படும் நொடியில் மின்சாரம் உடலுக்குள் பாயும். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் சுவான்சி மேடையில் மைக்கைத் தொட்டபோது இறந்தார். திருவிழாக்களில் ஜெனரேட்டரும் தற்காலிக வயரும் சேரும் இடங்களில் இது இன்றும் நடக்கக்கூடியது. அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் ஆம்பை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகாதீர்கள்; மேடை இணைப்பு ட்ரிப் சுவிட்ச் வழியாக வருகிறதா என்று வாசிக்கத் தொடங்குமுன் கேளுங்கள். கிட்டாருக்கு ஐந்து இலட்சம் ஒதுக்க முடிந்தவர், அதில் கொஞ்சத்தை நல்ல ஆம்புக்கும் தகுதியுள்ள மின்பணியாளருக்கும் மாற்றினால் ஒலியும் கூடும், உயிரும் காக்கப்படும். பற்றுச்சீட்டில் மாதிரியையும் தொடர் இலக்கத்தையும் எழுத மறுக்கிற விற்பனையாளரிடம், கிட்டார் எவ்வளவு அழகாக இருந்தாலும், முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.