உப்புக் காற்றும் பழைய கம்ப்யூட்டரும்

ஐப்பசி பிறந்து வாடைக் காற்று திரும்பியதும் பழவேற்காடு ஏரிக்கரைக் கடைகளில் கல்லுப்பு மூட்டை கசியத் தொடங்கும். கோணி நனையும், அடியில் தரை ஈரமாகும். நம் மளிகைக்காரர்களுக்கு இது புதிதல்ல. மூட்டையைப் பலகைமேல் ஏற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். ஆனால் அதே வாரத்தில் வீட்டில் கணக்குப் போடும் பழைய கம்ப்யூட்டரும் மக்கர் செய்வது ஏன் என்று யோசிப்பதில்லை.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே நீராகிவிடும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள நம் குப்பங்களில் காற்றோடு வரும் உப்பை, கம்ப்யூட்டரின் விசிறி உள்ளே இழுத்துக்கொள்கிறது. அது தூசியோடு சேர்ந்து படிகிறது. வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. மழை வந்ததும் அந்தத் தூசி நசநசத்து, செம்பு முனைகளில் பச்சை பூத்து, மின்சாரம் சரியாக ஓடாமல் தடுக்கிறது. பொன்னேரியில் உழைக்கும் பெட்டி லைட் ஹவுஸ் குப்பத்தில் அத்தனை வருஷம் உழைப்பதில்லை என்பது எங்கள் அனுபவம்.

பழுதுகளைப் பற்றி எழுதுமுன் நாங்கள் பட்டதைச் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், கடையில் ஓய்வு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோன பெட்டியில்தான் நிலுவைக் கணக்கு இருந்தது. ஒருநாள் இரவு போட்டால் திரையில் ஒன்றும் வரவில்லை. 'பீப் பீப்' என்ற சத்தம் மட்டும் வந்தது. மறுநாள் ஒரு மெக்கானிக்கை அழைத்தோம். அரை மணியில் ஓட வைத்தார். கூடவே, "ரொம்ப மெதுவா ஓடுதுங்க, புதுசா விண்டோஸ் ஏத்திடறேன்" என்றார். நாங்களும் தலையாட்டினோம். ஏற்றி முடித்தபோது பதினான்கு மாதக் கணக்கு சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது.

கடலுக்குப் போகமுடியாத நாட்களில் குப்பத்துக் கடைகளில் கடன் ஏறும். அந்தக் கடைக்காரர்களின் பாக்கி நம்மிடம் ஏறும். அது உச்சத்தில் இருந்த நேரம். கடைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். பெரும்பாலோர் தங்கள் சிட்டையைக் கொண்டுவந்து காட்டி நேர் செய்தார்கள். ஒருவர் எங்களுக்கு நினைவே இல்லாத ஒரு டின் எண்ணெயையும் தானே சேர்த்துச் சொன்னார். இரண்டு பேரிடம்தான் தகராறு வந்தது. அதில் ஒருவர் முப்பது வருஷப் புழக்கம். அவர் மறந்தாரா, நாங்கள்தான் தப்பாக நினைத்தோமா என்பது இன்றுவரை தெரியாது. தொகை பெரிதல்ல. அவர் இப்போது வேறு மண்டியில் சரக்கு எடுக்கிறார்.

அன்று பெட்டிக்கு இருந்த நோய் என்ன தெரியுமா? மெமரி அட்டையின் முனையில் களிம்பு ஏறியிருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் தீரும் நோய். ஒயரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, பக்கத் தகட்டைத் திறந்து, இரும்புச் சட்டத்தைத் தொட்டுக் கையிலுள்ள மின்னேற்றத்தைப் போக்கிக்கொண்டு, அட்டையை எடுத்து அதன் பொன்னிற முனைகளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, இரு பக்கக் கொக்கியும் விழும்படி அழுத்திப் பொருத்தினால் பல பெட்டிகள் எழுந்து உட்கார்ந்துவிடும்.

இன்னொரு சில்லறைப் பழுது, தேதி பின்னால் போவது. மதர்போர்டில் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துபோனால் மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் தேதி எந்த வருஷத்துக்காவது போய்விடும். கவனிக்காமல் பில் போட்டால் பில்லிலும் அந்தத் தேதிதான் விழும், ஜி.எஸ்.டி. தளமும் பாங்கித் தளமும் திறக்க மறுக்கும். பேட்டரி விலை சொற்பம்.

பெட்டி அசையவே இல்லையென்றால் முதலில் சுவர் பிளக்கையும் ஒயரையும் பாருங்கள். பிறகு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைச் சந்தேகிக்கலாம். அதை மாற்றலாம், வீட்டில் திறந்து பார்க்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்க முடியும். மதர்போர்டில் சிறிய உருளைகள் தலை உப்பியோ பழுப்புக் கசிவோடோ இருந்தால், அந்தப் போர்டுக்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை.

ஹார்ட் டிஸ்க் மட்டும் தனி ரகம். 'டிக் டிக்' என்று தட்டும் சத்தம் கேட்டாலோ, ஒரு பில் திறக்க நிமிஷக்கணக்கில் ஆனாலோ, மேற்கொண்டு எதையும் ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும். டிஸ்கைக் கழற்றி, யு.எஸ்.பி. ஒயர் வழியாக வேறு கம்ப்யூட்டரில் சொருகிக் கணக்கைப் பிரதி எடுத்த பிறகுதான் ரிப்பேர் பேச்சு. மெக்கானிக் வாசலில் நுழையும்போதே "டிஸ்கைத் துடைக்கக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டித் துணி வியாபாரம் செய்தார்கள். இன்று கோட்டை மண்மேடாகக் கிடக்கிறது. ஆனால் அந்தக் கம்பெனியின் கணக்குகளும் கடிதங்களும் நெதர்லாந்தில் தி ஹேக் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இங்கே எழுதியதைப் பிரதி எடுத்து, பத்தாவியாவுக்கும் அங்கிருந்து தாய்நாட்டுக்கும் கப்பலில் அனுப்புவது அவர்கள் வழக்கம். நமக்குக் கப்பல்கூடத் தேவையில்லை. இரண்டு பென் டிரைவ் வாங்கி ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றொன்று என்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைத்தால் போதும். மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியலை மட்டும் காகிதத்தில் அச்சடித்துக் கோப்பில் போடுகிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்களில் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் சரக்கு கொடுத்தோம்.

சட்டமும் இதையே கேட்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைக் காக்க வேண்டும். 2023–24 கணக்குக்குக் கெடு 2024 டிசம்பர் 31. ஆகவே 2030 டிசம்பர் 31 வரை அது நம்மிடம் இருந்தாக வேண்டும். கம்ப்யூட்டர் கணக்கானால், விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தாலும் மீட்கும்படி பிரதி வைத்திருக்க வேண்டும் என்கிறது 57-வது விதி.

பெட்டியைத் திறந்து தூசி தட்ட உகந்த நாள் ஆயுத பூஜை. எப்படியும் அன்று துடைக்கத்தான் போகிறோம். மழைக்கும் முந்திய நேரம். புது பெயிண்ட் பிரஷ் ஒன்று போதும். சந்தனத்தைக் காற்றுத் துளைகள்மேல் அப்பாமல் முன்பக்கம் ஒரு பொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடைமழையில் வேலை இல்லாவிட்டாலும் தினம் அரைமணி ஓடவிட்டால் அந்தச் சூட்டில் உள்ளீரம் காயும். தரையில் வைக்காமல் உப்பு மூட்டையைப் போலவே பலகைமேல் ஏற்றுங்கள். வெள்ளம் புகுந்துவிட்டால் நன்றாகக் காயும்வரை சுவிட்சைத் தொடவேண்டாம்.

பழைய பெட்டிக்கான மெமரி, எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் பழைய சரக்காகக் கிடைக்கின்றன. சுழலும் டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டால் பழைய பெட்டியும் சுறுசுறுப்பாகும், அதற்குச் செலவழிக்கலாம். மதர்போர்டே போனால் புதுசு வாங்குவதே லாபம். காயலான் கடைக்குப் போடும்போது டிஸ்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடைய பழைய டிஸ்குகள் இரண்டும் இரும்புப் பெட்டியில், பத்திரங்களோடு, எந்த வருஷத்துக் கணக்கு என்று சீட்டு ஒட்டப்பட்டு இருக்கின்றன.