விட்டதைப் பிடிக்கப் போனார்கள்!

80 டாலருக்கு விற்ற ஒரு நாணயம், பத்தே நாளில் ஒரு காசுக்கும் பெறாமல் போனது! அதன் பெயர் "லூனா".

இது கையால் தொடக்கூடிய நாணயம் அல்ல. கம்ப்யூட்டர் கணக்கில் மட்டும் இருப்பது. தென்கொரியாவைச் சேர்ந்த டோ குவோன் என்பவரின் கம்பெனி இதை வெளியிட்டது.

2022 ஏப்ரலில் ஒரு லூனா 119 டாலர் வரை ஏறியது. மே மாதத் தொடக்கத்தில் 80 டாலர். மே 11-ந் தேதி ஏறக்குறைய 1 டாலர். மே 13-ந் தேதி, டாலரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை!

ஏன் விழுந்தது?

லூனாவுக்கு ஒரு ஜோடி நாணயம் இருந்தது. அதன் பெயர் யு.எஸ்.டி. "இதன் விலை எப்போதும் 1 டாலர்தான்" என்றார்கள். ஒரு யு.எஸ்.டி.யைக் கொடுத்தால், 1 டாலர் மதிப்புக்குப் புது லூனா கிடைக்கும்.

அந்த மே மாதம் யு.எஸ்.டி. மீது நம்பிக்கை போயிற்று. பலரும் அதை லூனாவாக மாற்றி விற்றார்கள். புது லூனாக்கள் மலைபோல் குவிந்தன. சுமார் 35 கோடியாக இருந்தவை, சில நாளில் 6½ லட்சம் கோடி ஆயின! சரக்கு பெருகினால் விலை விழும் அல்லவா?

மலிவு என்ற மயக்கம்

விலை விழுந்தபோது பலர் விற்றுவிட்டு ஓடினார்கள். சிலரோ ஓடிவந்து வாங்கினார்கள்! "80 டாலர் சரக்கு 1 டாலருக்கு வருகிறது. இனி என்ன குறையப் போகிறது?" என்பது அவர்கள் நினைப்பு.

ஒருவர் 80 டாலர் வீதம் 10 லூனா வாங்கினார் என்று வைத்துக் கொள்ளுங்கள். போட்ட முதல் 800 டாலர். விலை 1 டாலர் ஆனபோது விற்றிருந்தால், நஷ்டம் 790.

அவர் விற்கவில்லை. மேலும் 800 டாலர் போட்டு, 800 லூனா வாங்கினார். "இப்போது சராசரி விலை 2 டாலர்தான். அது வந்தாலே போட்ட பணம் திரும்பிவிடும்" என்று கணக்குப் போட்டார்.

இரண்டே நாளில் எல்லாம் போயிற்று. நஷ்டம் 1,600 டாலர்!

முதல் பாதியைச் சந்தை பறித்தது. மறுபாதியை அவராகவே கொண்டுபோய்க் கொட்டினார்.

டோ குவோன் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2025 டிசம்பரில் நியூயார்க் கோர்ட்டு அவருக்கு 15 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

ஒரு கேள்வி

ஒருவர் என்ன விலைக்கு வாங்கினார் என்பது சந்தைக்குத் தெரியாது. அவருக்காக அது மீண்டும் ஏறி வராது.

ஆகவே, நஷ்டத்தில் மேலும் பணம் போடுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். "இது என்னிடம் இல்லாமல் இருந்தால், இன்று புதிதாக வாங்குவேனா?"

"மாட்டேன்" என்று மனம் சொன்னால், பையை மூடிவிட வேண்டும். விட்டது விட்டதுதான். இருப்பதாவது மிஞ்சும்!